ஏழாம் கட்டிலில் தொண்ணூற்றெட்டு

அத்தியாயம் 4

“யம்மா, செவ்வாய்க்கிழமை நீ குளிப்பாட்டினியே ஒரு கல்யாணப் பொண்ணு, அவ உடம்புல என்ன பார்த்தேன்னு சொல்லு.”

வெந்நீர்த் தொட்டி ஓரம் குந்தி உட்கார்ந்து, முதுகு தேய்க்கும் முரட்டுத் துணிகளை அலசிக்கொண்டிருந்த ஸுலைக்காவின் கை அப்படியே நின்றது. ஊரின் பொதுக் குளியல் வீடான ஹம்மாமுக்கு இன்னும் பெண்கள் வரத் தொடங்கவில்லை. கூரையில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஸுலைக்காவுக்கு இரண்டு தொழில். ஹம்மாமில் உயிரோடு வரும் பெண்களுக்கு முதுகு தேய்ப்பாள். ஆள் வந்து கூப்பிட்டால் செத்துப்போன பெண்களைக் குளிப்பாட்டப் போவாள். அந்தக் கைகள் தேய்ந்துதான் வஸீலா அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், மருத்துவக் கருவிகளுக்கு இஞ்சினியராகத் திரும்பி வந்தாள். ஆறு வயதில் அம்மா அவளுக்குப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. கறி வேணும்னு கேளு, புதுச் செருப்பு வேணும்னு கேளு; மையித்துக் குளிப்பாட்டிட்டு வர்ற என்கிட்ட என்ன பார்த்தேன்னு மட்டும் கேட்காதே.

இருபது வருஷம் வாயைத் திறக்கவில்லை. இன்று திறந்துவிட்டாள்.

“அல்லாஹ்வே! ஆஸ்பத்திரியில மெஷினை ரிப்பேர் பண்ற வேலையைப் பாரு புள்ள. மையித்துகிட்ட ஏன் வர்றே?”

“ஏன்னா அவளோட நாத்தனார் ஃபெல்லா இப்ப அதே ஏழாம் கட்டில்ல படுத்திருக்கா. அதே தலைவலி, அதே வாந்தி. மெஷின் அதே தொண்ணூத்தெட்டைக் காட்டுது. ஆக்சிஜன் நல்லா இருக்கு, இது நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. அந்தக் கல்யாணப் பொண்ணு ரிஹாமையும் திங்கக்கிழமை இப்படித்தான் சொல்லி அனுப்பினாங்க. செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள உன் கைக்கு வந்துட்டா. இவளும் உன் கைக்கு வரணுமா?”

ஸுலைக்கா துணியைப் பிழிந்தாள். தேவைக்கு மேல் பிழிந்தாள்.

“குளிப்பாட்டறவ கண்ணு கபுருக்குழி மாதிரி. உள்ளே போனது வெளியே வரப்படாது. நல்லதைப் பார்த்தா மட்டும்தான் நாலு பேருக்குச் சொல்லலாம்.”

“அப்ப நல்லதையே சொல்லு.”

“ரோஜாப்பூ மாதிரி இருந்தா.” ஸுலைக்காவின் குரல் இறங்கியது. “உயிர் போயி ஆறு மணி நேரம். மூஞ்சி, உதடு எல்லாம் செவந்து, இப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரி. புரட்டிப் போட்டா முதுகும் அப்படியே. வீட்டுப் பொம்பளைங்க பார்த்துட்டுக் குலவை போட்டுட்டாங்க. சொர்க்கத்துக்குப் போற முகம்னு. போதுமா? போ.”

வஸீலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த ஐன் தல்ஜ் ஊரில் செத்துப்போன எந்த மணப்பெண் ரோஜாப்பூவாக இல்லாமல் இருந்தாள்? உயிரோடு இருந்தபோது அவள் முகத்தை யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். செத்த பிறகு பூ, நிலா, சொர்க்கம்.

“கேட்டது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணு,” என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கி நடந்தாள்.

*

மருத்துவமனையின் நிலவறையில் கருவிப் பட்டறை. அங்கே லக்தர் ஒரு மானிட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது எலக்ட்ரீஷியன். தினம் இரண்டு பாக்கெட் சிகரெட், தினம் இருநூறு கிண்டல். இரண்டையும் நிறுத்தச் சொல்லி மனைவி அலுத்துவிட்டாள்.

“வாங்க இஞ்சினியரே. பேய் புடிச்ச மெஷினைப் புடிச்சுட்டு வந்துட்டேன். ஏழாம் கட்டில்ல வேற மானிட்டர், வேற வயர், வேற கிளிப் மாட்டியாச்சு.”

“இப்ப என்ன காட்டுது?”

லக்தர் சிரிக்கவில்லை. “தொண்ணூத்தெட்டு.”

பக்கத்தில் நின்ற செவிலி முனீரா தோளைப் போர்த்திக்கொண்டாள். “மேலே யாரும் அந்தக் கட்டில் பக்கம் வர மாட்டேங்கிறாங்க வஸீலா. ரிஹாமோட மூச்சு அங்கேயே தங்கிடுச்சாம். யாரைப் படுக்க வெச்சாலும் அவ மூச்சைத்தான் மெஷின் எண்ணுதாம்.”

முனீராவுக்குப் பேயைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ரிஹாமின் பத்து விரலிலும் கல்யாண மருதாணி கறுத்துக் கிடந்தது. விரலில் கிளிப் வேலை செய்யாததால் அவள்தான் அதைக் காது மடலில் மாட்டினாள். தப்பான இடத்தில் மாட்டினாள், அதனால்தான் தப்பான நல்ல எண் வந்தது, பெண் செத்துப்போனாள் என்கிறார் தலைமை மருத்துவர் பூஸித். ஞாயிற்றுக்கிழமை விசாரணை. அதற்குக் கருவிப் பிரிவின் அறிக்கை இன்று நான்கு மணிக்குள் அவர் மேஜையில் இருக்க வேண்டும்.

“அறிக்கை கிடக்கட்டும். நாலு மணிக்குள்ள அந்த எண் நிஜமா பொய்யான்னு தெரியணும். லக்தர் அண்ணே, கையை நீட்டுங்க. இன்னிக்கு நீங்கதான் எலி.”

“எலிக்குக் காப்பி உண்டா?”

“உயிரோட இருந்தா உண்டு.”

சென்சாருக்கு வரக்கூடிய நோய்கள் அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்த்தாள். லக்தரின் கையை ஜன்னலுக்கு வெளியே பனியில் புதைத்து எடுத்தாள். சில்லிட்ட விரலில் நாடி கிடைக்காமல் திரையில் வெறும் கோடு. மேஜை விளக்கைக் கிளிப்பின் மேலேயே சாய்த்தாள். எண் தவளை மாதிரி குதித்தது. அதே கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி ஊதினாள். எண் காணாமல் போனது. கையை ஆட்டச் சொன்னாள். எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு, மறுபடி கோடு. முனீராவின் விரலில் தங்கையின் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி இருந்தது. அதில் எண்பத்தாறு. அவள் காது மடலில் அதே விரல் கிளிப். தொண்ணூற்றிரண்டுக்கும் தொண்ணூற்று மூன்றுக்கும் நடுவில் தள்ளாடியது.

“பார்த்தீங்களா?” என்றாள் வஸீலா. “எதைச் செஞ்சாலும் கீழே இழுக்குது, இல்லன்னா பேச மாட்டேங்குது. கெட்டுப்போன சென்சார் அழும் அண்ணே. ஏழாம் கட்டில்ல சிரிச்சுகிட்டு இருக்கு. திங்கக்கிழமை காதுல சிரிச்சுது, ஃபெல்லா கையிலயும் கல்யாண மருதாணி இருக்கறதால, இன்னிக்குக் கால் விரல்ல மாட்டினா அங்கேயும் சிரிக்குது.”

“அப்ப என் தப்பு இல்லையா?” முனீராவின் குரல் உடைந்தது.

“இல்ல. ஆனா யார் தப்புன்னு தெரியாம அதைச் சொன்னா எவனும் கேட்க மாட்டான்.”

லக்தர் துடைத்து உலர்த்திய விரலை மறுபடி கிளிப்புக்குள் விட்டுப் பார்த்தான். “இஞ்சினியரே, உங்க விரலை வைங்க. என்ன? தொண்ணூத்தாறா? எனக்குப் பாருங்க, தொண்ணூத்தேழு! மாடிப்படி நாலு ஏறினா நாப்பது தடவை இருமறவனுக்கு முதல் மார்க். சிகரெட் உடம்புக்கு நல்லதுன்னு மெஷினே சொல்லுது. என் பொண்டாட்டிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.”

வஸீலா அந்தத் தொண்ணூற்றேழை முறைத்துப் பார்த்தாள். ஏதோ ஒன்று உறுத்தியது. முள் எங்கே என்று தெரியவில்லை.

“மேலே போவோம். எண்ணைப் பார்த்தது போதும். பொண்ணைப் பார்ப்போம்.”

*

ஏழாம் கட்டிலுக்கு இருபுறமும் இரண்டு கட்டில்கள் காலியாக இருந்தன. நோயாளிகள் தாங்களாகவே இடம் மாறிப் போய்விட்டார்கள். அந்த மூலையில் மட்டும் மருந்து வாடை இல்லை. சாம்பிராணி மணத்தது. ரிஹாம் இங்கே கிடந்த திங்கட்கிழமையிலிருந்தே மணப்பதாகச் செவிலிகள் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கையில் ஓதி ஊதிக்கொண்டார்கள்.

ஃபெல்லாவுக்கு இருபத்து மூன்று வயது. கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். நாடி நூற்றுப் பதினெட்டு ஓடியது. பக்கத்தில் பச்சை எண், அசையாமல், தொண்ணூற்றெட்டு. கால்மாட்டில் அவள் தாய் பாயா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன் மருமகளை வரவேற்றவள். இன்று மூன்றாம் நாள் துக்கச் சாப்பாட்டுக்குக் கூஸ்கூஸ் அவிக்க வேண்டியவள்.

“மெஷின் பொண்ணா நீ?” என்றாள் பாயா. “உன் மெஷின்தானேம்மா என் மருமகளை முழுங்கிச்சு?”

“அதைத்தான் பார்க்க வந்திருக்கேன் காலா,” என்று சித்தி முறை வைத்து அழைத்தாள் வஸீலா. “ஃபெல்லா, வலி எப்படி இருக்கு?”

“காலையில கோடாலியால பொளந்த மாதிரி இருந்துச்சு. இப்பப் பரவால்ல. இங்கே வந்தா குறையுது.”

“வீட்ல?”

ஃபெல்லா தாயைப் பார்த்தாள். தாய் வாசலைப் பார்த்தாள்.

“சொல்லும்மா,” என்றான் லக்தர். “நாங்க டாக்டர் இல்ல. எங்களுக்கு அறிவு கம்மி. எதைச் சொன்னாலும் நம்புவோம்.”

ஃபெல்லாவின் உதடு லேசாக விரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணி வர்றா. துக்கத்துக்கு வந்தவங்க வீடு முழுக்க. அதனால அண்ணியோட ரூம்ல என்னைப் படுக்கச் சொன்னாங்க. விளக்கை அணைச்சுக் கொஞ்ச நேரத்துல வந்துடறா. முதல்ல காதுக்குள்ள ஓன்னு ஒரு சத்தம். அப்புறம் மார் மேல ஏறி உட்கார்ந்துக்கறா. கத்தணும்னு பார்க்கறேன், நாக்கு எழும்பல. நேத்து அவ கையைப் பார்த்தேன். மருதாணி வெச்ச கை. என் கழுத்துகிட்ட வந்துச்சு.”

ஃபெல்லாவின் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

“வேற எங்கேயாவது வந்தாளா? சமையல் கட்டுல? முற்றத்துல?”

“இல்ல. அந்த ரூம்ல மட்டும்.”

“பேய்க்கு விலாசம் இருக்கு,” என்று லக்தர் முணுமுணுத்தான். “தபால்காரன்கூட இவ்வளவு ஒழுங்கா வர மாட்டான்.”

வஸீலா பாயாவின் பக்கம் திரும்பினாள். “காலா, அந்த ரூம்ல காஸ் ஹீட்டர் உண்டா?”

“ஆரம்பிச்சுட்டியா! டாக்டர் மூணு தடவை கேட்டாச்சு. நாங்க என்ன பைத்தியமா? குளிர்காலம் வந்தா டிவில தினம் சொல்றானே, எத்தனை குடும்பம் செத்துச்சுன்னு. அந்த ரூமுக்கு காஸ் குழாயே போகல. கரண்டுல ஓடற எண்ணெய் ஹீட்டர்தான். புதுசு. மகன் கல்யாணத்துக்கு வாங்கினது.”

“உங்க மகனுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“அஞ்சாம் நாளே ஹாஸி மஸ்ஊத் எண்ணெய்க் கெணத்துக்குக் கெளம்பிட்டான், லீவு முடிஞ்சு. அவன் போன பொறகு ரிஹாம் தனியாப் படுக்க பயப்பட்டா. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க.”

“அதுக்கு என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்வாங்க, எல்லாரும் செய்யறதுதான். ஓதிப் பார்க்கறவரைக் கூப்பிட்டோம். சாம்பிராணி போடச் சொன்னார்.” பாயா குரலைத் தாழ்த்தினாள். இந்த இடத்தில் இதைப் பேசக் கூடாது என்ற கூச்சம் அவளுக்கு. “முதல் நாள் ஒரு பிடி. மறுநாள் அவளுக்குத் தலைவலி, மார் மேல யாரோ உட்கார்றாங்கன்னு இன்னும் பயந்தா, இன்னும் கொஞ்சம் போட்டோம். அவ போய் இப்பத் திரும்பி வர ஆரம்பிச்ச பொறகு, விடியற வரைக்கும் அணைய விடாதீங்க, ஜன்னல் இடுக்கைத் துணி வெச்சு அடைங்க, போனவ மறுபடி உள்ளே வரக் கூடாதுன்னார். ரூமைக் காலியா விடவும் கூடாதாம். இன்னிக்கு என் தங்கச்சிங்க நாலு பேரும் அங்கேதான் படுக்கப் போறாங்க. ஒருத்திக்குக் கைக்குழந்தை. சாயங்காலம் இவளும் வந்துட்டா அஞ்சு பேர். கூட்டமா இருந்தா பயம் இருக்காதுல்ல?”

வராந்தாவிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, “பெரியம்மா, வண்டி ரெடி. பனி கொட்டுது, சீக்கிரம்!” என்றான். பாயா எழுந்து மகளின் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். எழுந்தபோது அவள் கைவிரல் இடுக்குகளில் கறுப்பு ஏறியிருந்ததை வஸீலா பார்த்தாள். மருதாணியின் கறுப்பு அல்ல.

பார்த்தாள். ஆனால் அவள் மனம் இன்னும் அந்தக் கால் விரல் கிளிப்பிலேயே சிக்கியிருந்தது. கூடு விட்டுக் கூடு பாயும் எண். மெஷினை மாற்றினாலும் மாறாத எண். அழாத சென்சார்.

லக்தர் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, வெளியே தலையை நீட்டி ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தான். ஒரு இழுப்பு இழுத்தான். இருமினான். அடுத்த இருமலுக்குள் வஸீலா எழுந்துவிட்டாள்.

“தொண்ணூத்தேழு.”

“எது?”

“உங்க மார்க்கு அண்ணே. அது உங்க நுரையீரலோட மார்க் இல்ல. புகையோட மார்க்.” அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். “ஃபெல்லா, சாம்பிராணியை எது மேல போட்டீங்க?”

“கணூன்லதான். மண் சட்டி அடுப்பு.”

“அதுல?”

“கரி. வேற எதுல போடுவாங்க? நேத்து ராத்திரி சட்டி நெறைய. அம்மாவே ஊதி ஊதிப் பத்த வெச்சாங்க.”

அறையில் காஸ் ஹீட்டர் உண்டா என்று மூன்று தடவை கேட்டார்கள். இல்லை என்று மூன்று தடவையும் உண்மையையே சொன்னார்கள். சாம்பிராணி அடுப்பை இந்த ஊரில் எவள் கணப்பு என்று சொல்வாள்? அது குளிருக்கு இல்லை. அது கண்ணேறுக்கு. அதைப் பற்றி டாக்டரிடம் யாராவது பேசுவார்களா?

“கிளிப் பார்க்கறது இரத்தத்தோட நெறத்தை மட்டும்தான்,” என்றாள் வஸீலா, யாருக்கு என்றில்லாமல். “செவப்பா இருந்தா ஆக்சிஜன் ஏறியிருக்குன்னு கணக்கு. கரி எரியறப்ப வர்ற வாயு, கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனோட எடத்துல ஏறி உட்கார்ந்து அதே மாதிரி செவப்புச் சட்டையைப் போட்டுக்கும்.”

“வாசல்ல நிக்கற காவல்காரன் சட்டையைப் பார்த்து சலாம் வெச்சு உள்ளே விட்டுட்டான்,” என்றான் லக்தர். சிகரெட்டைப் பனியில் அழுத்தி அணைத்தான்.

அப்போதுதான் ஹம்மாமின் ஆவிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்து அவளை அறைந்தது. மூஞ்சி, உதடு எல்லாம் செவந்து. புரட்டிப் போட்டா முதுகும் அப்படியே. அம்மா பூ என்று சொன்னது பூவை இல்லை. கண்ணால் கண்டதைக் கண்டபடி சொல்லியிருந்தாள். பட்டம் வாங்கிய மகள்தான் அதைக் கதை என்று தள்ளிவிட்டு வந்தாள். ஒரு வீடு முழுக்கப் பெண்கள் நின்று அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள், பார்த்துக் குலவை போட்டார்கள்.

பயம் வந்தால் கரி போட்டார்கள். கரி போட்டால் பயம் வந்தது. ரிஹாமின் மார் மேல் ஏறி உட்கார்ந்ததும், ஃபெல்லாவின் மார் மேல் ஏறி உட்கார்ந்ததும் ஒன்றேதான். அதை விரட்டத்தான் இன்று அந்தி மஃரிப் தொழுகைக்கு இன்னொரு சட்டி தயாராகிறது.

“முனீரா! பை வெச்ச மாஸ்க், ஆக்சிஜன் முழுசாத் திற.”

“டாக்டர் எழுதாம நான்...”

“அவர் திங்கக்கிழமை எழுதினதைப் பார்த்தோமே.”

முனீரா ஒரு நொடி நின்றாள். விசாரணைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும் ஒரு செவிலிக்கு அது நீளமான நொடி. பிறகு குழாயைத் திருகினாள்.

“எண் மாறாது. எண்ணைப் பார்க்காதே, நாடியைப் பாரு, முகத்தைப் பாரு. ஒரு சிரிஞ்சு ரத்தமும் எடு. இங்கே அந்தச் சோதனைக்குச் சாமான் இல்ல, ஸெதீஃப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். லக்தர் அண்ணே, பாயா காலாவுக்குப் போன் போடுங்க.”

லக்தர் மூன்று தடவை போட்டான். துக்கம் விழுந்த நாளிலிருந்து அம்மா போனை அணைத்து வைத்திருப்பதாக ஃபெல்லா மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னாள். அண்ணன் ஹாஸி மஸ்ஊதிலிருந்து வரும் வழியில், பனி மூடிய பாதையில், தொடர்பே இல்லை. மற்றவர்கள் எண் அவளுக்கு நினைவில் வரவில்லை. நேற்றைய புகை அவள் நினைவில் ஓட்டை போட்டிருந்தது.

“தீயணைப்புப் படையில என் மச்சான் இருக்கான்,” என்றான் லக்தர். “காத்துல அந்த வாயுவை அளக்கற பெட்டி அவங்ககிட்ட இருக்கு. என்னைக் கண்டா ஆகாது, ஆனா பெட்டியைக் குடுப்பான். வண்டியை எடுக்கட்டுமா?”

“எடுங்க” என்று அவள் சொல்லி முடிக்கும் முன் வாசலில் டாக்டர் பூஸித் நின்றிருந்தார். மாஸ்க்கைப் பார்த்தார். முனீராவைப் பார்த்தார். “என் அறைக்கு வாம்மா,” என்றார்.

*

அவர் கதவைச் சாத்திவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. ‘கரி’ என்ற சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் அமர்ந்தார்.

“யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு, முனீராவுக்கு, லக்தர் அண்ணனுக்கு.”

“லக்தருக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தண்டோரா தேவையில்ல.” கண்களைக் கசக்கினார். “மூணு தடவை கேட்டேன் அந்தப் பொண்ணுகிட்ட. காஸ் ஹீட்டர் உண்டா, கணப்பு உண்டா...”

“சாம்பிராணி போடறீங்களான்னு கேட்டீங்களா?”

“அதை எவன் கேப்பான்?”

“இந்த ஊர்ல பொறந்தவன் கேட்கணும் டாக்டர். உங்க வீட்லயும் போடறாங்க.”

அவர் முகத்தில் ஒரு கணம் வேறொரு ஆள் எட்டிப் பார்த்தான். “தூங்கி மூணு நாளாச்சு. மாடிப்படி ஏறினா பின்னாடி வளையல் சத்தம் கேட்குது. வீட்டுக்குப் போலாமா டாக்டர்னு ரிஹாம்தான் கேட்டா. தொண்ணூத்தெட்டு இருக்கே, போயேம்மான்னு நான்தான் சொன்னேன்.” அந்த ஆள் உள்ளே போனான். தலைமை மருத்துவர் மட்டும் மிஞ்சினார். மேஜை மேல் ஒரு தாளைத் தள்ளினார்.

ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள். ‘சென்சார் தவறான இடத்தில் பொருத்தப்பட்டதால் பிழையான அளவு காட்டியுள்ளது.’ கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

“முனீராவை வேற ஊருக்கு மாத்துவோம், அவ்வளவுதான். ஃபெல்லா ஆக்சிஜன்லயே இருக்கட்டும், ராத்திரி முழுக்க நானே பார்த்துக்கறேன். நீ ஒப்பந்தத்துல எத்தனை வருஷமா இருக்கே, நாலா? நிரந்தர வேலைக்கு ஒருத்தர் பேரை நான் அனுப்பணும். புரியுதா?”

“புரியுது. அந்த ரூம்?”

“ஞாயித்துக்கிழமை விசாரணை முடியட்டும். அப்புறம் பக்குவமா யாரையாவது அனுப்பி...”

“இன்னிக்கு மஃரிபுக்குச் சட்டி பத்த வைப்பாங்க. நாலு பொம்பளைங்க, ஒரு கைக்குழந்தை.”

“ஒரு ராத்திரியில எல்லாருக்கும் ஒண்ணும் ஆயிடாது.”

“ரிஹாமுக்கு ஒரு ராத்திரிதான் ஆச்சு.”

பூஸித் எழுந்து ஜன்னலோரம் போனார். அடுத்ததாகப் பேசியபோது அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

“நல்லா யோசிச்சுப் பாரு. மெஷின் தப்புன்னு எழுதினா, பாயா சாகற வரைக்கும் ஒரு மெஷினைத் திட்டிகிட்டு வாழ்ந்துடுவா. நீ உண்மையைச் சொன்னா என்ன ஆகும்? மருமகளைக் காப்பாத்தணும்னு தன் வாயாலயே ஊதி ஊதிப் பத்த வெச்சாளே, அந்தக் கரிதான் கொன்னுதுன்னு தெரியும். துக்க வீட்ல, அத்தனை பேர் முன்னாடி, அவ மூஞ்சியப் பார்த்து அதை யார் சொல்லுவா? நீயா?”

விரல் இடுக்கில் கறுப்பு ஏறிய அந்தக் கைகள் மகளின் நெற்றியைப் பிடித்த விதம் வஸீலாவின் கண்ணில் வந்தது. இனி அந்தக் கைகளைப் பாயா எங்கே கொண்டுபோய் வைப்பாள்? எந்தத் தண்ணீரில் கழுவுவாள்? அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பெண்ணை அது நொறுக்கிவிடும். உயிர் இருக்கும் மட்டும் ரிஹாம் அவள் மார் மேல்தான் உட்கார்ந்திருப்பாள், அதற்கு எந்த ஜன்னலைத் திறந்தும் பயனில்லை.

குனிந்து பார்த்தாள். அவளுடைய கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போடப்பட்டிருந்தன. எப்போது போட்டாள் என்று நினைவில்லை. அவர் பேச ஆரம்பித்தபோதே விரல்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டிருக்க வேண்டும்.

மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். தட்டச்சு வரியின் மேல் ஒரே கோடு. அதற்கடியில் எழுதினாள்: ‘சென்சாரில் குறை இல்லை. செவிலி முனீரா மேல் குறை இல்லை. இரண்டு பேருக்கும் கரிப்புகை. ஒருத்தி உயிரோடு இருக்கிறாள்.’ கையெழுத்துப் போட்டாள். தேதியும், மணி மூன்று ஐம்பது என்றும் போட்டாள்.

“வஸீலா, உட்காரு. பேசலாம்.”

“பேசத்தான் போறேன். இங்கே இல்ல.”

“அந்தம்மா தாங்க மாட்டா.”

“தாங்க மாட்டாங்க. ஆனா அவங்க தங்கச்சிங்க நாளைக்குக் காலையில எழுந்திருப்பாங்க, அவங்களைத் தாங்கிப் புடிக்க.”

கீழே முற்றத்தில் லக்தரின் பழைய வண்டி இருமி இருமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

“இந்த வாசலைத் தாண்டினேன்னா...” என்று ஆரம்பித்தார் பூஸித்.

அவள் தாண்டியிருந்தாள்.